காட்டு வாத்துகள் மீதான விசாரணை

எந்தக் கதையைக் கேட்டு முடித்தாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "யார் மேல தப்பு?"

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஆளுக்கு ஒரு கதையைப் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். சிட்லபாக்கத்தில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களோடு என்னைப் போல வேலைக்குப் போகிற இரண்டு மூன்று பேர். நடை நன்றாக இருக்கிறது என்பார் ஒருவர். முடிவு மனதைப் பிசைகிறது என்பார் இன்னொருவர். என் மேல் வீட்டுக்காரரான அவர் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பேசி ஓயும்வரை காத்திருப்பார். பிறகு அந்தக் கேள்வி. ஊரைவிட்டு ஓடிப்போன தகப்பனோ, பைத்தியம் பிடித்த ராஜாவோ, வெயிலில் விழுந்து செத்த குதிரையோ, யாராவது ஒருவர்மேல் பொறுப்பு விழுந்தாக வேண்டும். விழுந்துவிட்டால் "ரைட்" என்று சொல்லிக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். அதன்பிறகு அந்தக் கதையைப் பற்றிப் பேச மாட்டார்.

அவர் ஒரு தொழிற்சாலையில் வெகுகாலம் விசாரணை அதிகாரியாக இருந்தவர். இயந்திரத்தில் விரல் போனது, கிடங்கில் சரக்கு குறைந்தது, மேஸ்திரியை ஒரு தொழிலாளி கை நீட்டி அடித்தது எல்லாம் அவர் மேஜைக்கு வரும். இரண்டு தரப்பையும் கேட்டு, யார்மேல் தப்பு என்று அவர் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. ஆனால் அவர் அடுத்தவர்மேல் பழி போட்டுத் திருப்தி அடைகிற ஆளில்லை. அப்படி இருந்திருந்தால் அவரை யாருக்கும் பிடித்திருக்காது.

மூன்றாம் மாடியில் ஒரு அம்மாவின் கம்மல் காணாமல் போனபோது, வீட்டு வேலைக்கு வருகிற பெண்மேல் எல்லோருக்கும் சந்தேகம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடத் தீர்மானமாகியிருந்தது. இவர் தானாகவே மேலே போனார். கம்மலைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள், அன்றைக்கு என்ன புடவை, அந்தப் புடவை பிறகு எங்கே போனது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவு ரப்பருக்குள் விரலை விட்டு அதை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் அழுதுகொண்டே அவர் காலைத் தொடப் போனபோது, "எனக்கெதுக்கும்மா. அந்தம்மாதான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்று நகர்ந்துகொண்டார். அந்தம்மா கேட்கும்வரை படியிறங்கவும் இல்லை.

இன்னொரு தடவை, பெருமழையில் ஏரி நிரம்பி எங்கள் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. வண்டிகள் மூழ்கின. எல்லோரும் மாடியில் நின்று யாரையெல்லாமோ திட்டிக்கொண்டிருந்தோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கழியை ஊன்றி, முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனார். ஏரியிலிருந்து உபரி நீர் போகிற கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்க்க. மத்தியானம் திரும்பி வந்து, படியில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நம்ம பில்டிங்தான். நாமதான் வாய்க்கால் மேல உக்காந்துகிட்டு இருக்கோம்." அவருக்கும் அந்தக் கட்டடத்தில் ஒரு வீடு சொந்தம். அது பற்றி அவருக்குச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் ஏன் வந்தது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

போன வருஷம் மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் என் முறை வந்தது. தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கிய ஒரு தொகுப்பிலிருந்து, வடதுருவத்துப் பனியில் வாழும் இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஒரு கதையைச் சொன்னேன். எனக்கே அது பிடிபடவில்லை. பிடிபடாததால்தான் சொன்னேன்.

ஓர் அண்டங்காக்கைக்கு இரண்டு காட்டு வாத்துகள்மேல் ஆசை. குளிர்காலம் வருகிறது, வாத்துகள் கடலைத் தாண்டிப் பறந்து போக வேண்டும். எங்களோடு நீ வர முடியாது, நாங்கள் களைத்தால் தண்ணீரில் இறங்கி மிதப்போம், நீ எங்கே இறங்குவாய் என்று அவை சொல்கின்றன. காக்கை விடவில்லை. "நான் களைத்தால் நீங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நெருங்கி மிதந்துகொள்ளுங்கள், நான் உங்கள்மேல் உட்கார்ந்துகொள்கிறேன்" என்கிறது. அவையும் சம்மதிக்கின்றன. பறக்கின்றன. காக்கை களைக்கிறது. வாத்துகள் சொன்னபடியே நெருங்கி மிதக்கின்றன. காக்கை அவற்றின்மேல் உட்கார்ந்து தூங்கிப்போகிறது. நேரம் ஆகிறது. கூட வந்த மற்ற வாத்துகளின் கூட்டம் முன்னால் போய்விட்டது. அலை பெரிதாகிறது, முதுகு கனக்கிறது, இறகெல்லாம் நனைகிறது. "விலகிவிடலாமா" என்கிறது ஒன்று. மற்றதும் சரி என்கிறது. விலகுகின்றன. காக்கை கடலில் விழுந்து மூழ்குகிறது. அதன் உயிர் சிதறி, நீரில் மிதக்கும் குட்டிக் குட்டிக் கறுப்புப் பிராணிகளாக ஆகிவிடுகிறது. கதை அவ்வளவுதான்.

கூடியிருந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். தகுதிக்கு மீறி ஆசைப்படக் கூடாது என்பதுதான் கருத்து என்றார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கடல் உயிர்கள் எப்படி வந்தன என்பதற்கான கதை என்றார் வேறொருவர். இவர் வழக்கமான கேள்வியைக் கேட்காமல், நேராகத் தீர்ப்பையே சொன்னார். "வாத்துங்க மேலதான். வாக்கு குடுத்தாச்சு." ரைட் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு, நான் பார்த்திராத ஒன்று நடந்தது. போட்ட கண்ணாடியை மறுபடி கழற்றினார்.

"இல்ல. இருங்க. இதை ஒத்தி வைக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வருஷம், அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்த ஒரு விசாரணைக்கு நான் சாட்சியாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் மனைவி பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருஷத்துக்கு மேல் படுக்கையில் இருந்தார். உயரமான, கனத்த உடம்பு. பேச்சும் போய்விட்டது. இவருக்கோ குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்ததால் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பதும், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவதும் அவர் வேலை. தூக்குவது, புரட்டுவது, கழுவுவது, ஊட்டுவது எல்லாம் அவர்களுடைய மகள்கள் இரண்டு பேரும்தான். பெரியவள் பம்மலில் இருக்கிறாள், தையல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். விடியும்போதே ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள். சின்னவள் அஸ்தினாபுரத்தில், பள்ளிக்கூட டீச்சர். பள்ளி விட்டதும் வந்து பெரும்பாலும் இங்கேயே படுத்துக்கொள்வாள். நேர் கீழ் வீடு என்பதால் அவர்கள் அம்மாவைப் புரட்டிப் போடும்போது கட்டில் நகர்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

பெரியவளுக்கு முதுகுத் தண்டில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. சின்னவளுடைய கணவன் பொறுமை இழந்திருந்தான். அவள் மகள் பரீட்சையில் இரண்டு பாடத்தில் தவறியிருந்தாள். ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து, முடிச்சூர் தாண்டி ஒரு இல்லம் இருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததைச் சம்மதம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது மாதத்தில் அந்த அம்மா அங்கேயே இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால்தான் விசாரணை முறையாக இருக்கும் என்றார். என்ன ஏது என்று புரியாமலே போய் உட்கார்ந்தேன். பெண்கள் இருவரும் காபி போட்டு வைத்திருந்தார்கள்.

"அம்மாவை ஹோம்ல விடலாம்னு முதல்ல சொன்னது யாரு?"

"நான்தாம்ப்பா" என்றாள் பெரியவள்.

"இல்லப்பா, நான்தான். அவ வேணாம்னுதான் சொன்னா" என்றாள் சின்னவள்.

அவர் மறுபடி கேட்டார். அதே பதில்கள். ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றப் பார்க்கிறாள் என்பது எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா. அடுத்த கேள்விக்குப் போனார்.

"அம்மா சம்மதிச்சாளா?"

"அம்மாவால பேச முடியாதுப்பா."

"தலையாவது ஆட்டினாளா?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவள்தான் சொன்னாள். "கண்ணை மூடிக்கிட்டாங்க."

அவர் தன் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, கம்மலைத் தேடும்போது பேசிய அதே குரலில், இரண்டு பேர் மேலேயும் தப்பு இருக்கிறது என்றும், இனிமேல் இங்கே வர வேண்டாம் என்றும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பார்கள். அவர்கள் எழுந்து, நான்கு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த வீட்டில் அவர் மட்டும்தான். பெண்கள் எனக்குப் போன் செய்து அவரைப் பற்றி விசாரிப்பார்கள். அவர் அவர்கள் பெயரையே எடுத்ததில்லை.

காக்கைக் கதைக்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் நிறுத்தினார். ஏரிக்கரையில் நடக்கும்போது, காய்கறிக் கடையில், படிக்கட்டில். வாத்துகள் முன்கூட்டியே எச்சரித்தனவா? ஆமாம் சார், முதலிலேயே சொல்லிவிட்டன. எவ்வளவு நேரம் தாங்கின? கதையில் இல்லை. முதலில் விலகலாம் என்றது எது, பெரியதா சின்னதா? அதுவும் இல்லை. கறுப்புப் பிராணிகளாக ஆனது காக்கைக்குத் தண்டனையா, அல்லது வேறு ஏதாவதா? தெரியாது. என் பதில்கள் அவருக்கு எரிச்சலூட்டின. இப்படி அரைகுறையாக ஒரு கதையை எத்தனை தலைமுறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள், ஒருத்தருக்குமா கேட்கத் தோன்றவில்லை என்றார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஒருநாள் நான் வங்கி விட்டு வருகிற நேரம் பார்த்து, கீழே கேட் அருகிலேயே நின்றிருந்தார்.

"விலகறதுக்கு முன்னாடி அதுங்க அவனை எழுப்பியிருக்கணும் இல்லம்மா?"

எனக்கு அன்றைக்கு நல்ல அலுப்பு. யோசிக்காமல் சொன்னேன். "எழுப்பினா எங்க சார் போவான்? சுத்தி கடல்."

அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் படியேறி வந்துவிட்டேன். வீட்டுக்குள் போய், முகம் கழுவி, காபி குடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

சில நாள் கழித்து, காலையில் நான் வேலைக்குக் கிளம்புகிற சமயம் கதவைத் தட்டினார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். வாத்துகள்மேல் தப்பு இல்லை என்றார். முடிந்தவரை மிதந்தன, முடியாதபோது விலகின. அதற்குமேல் ஒரு உயிரிடம் எதுவும் எதிர்பார்க்க முடியாது. தப்பு காக்கை மேல்தான்.

"பறக்க முடியாததுக்காக இல்லம்மா. உங்க மேல உக்காந்துக்கறேன்னு கேட்டான் பாருங்க, அங்கதான். அதை அவன் கேட்டிருக்கவே கூடாது."

"அப்ப யாரும் யாரையும் கேக்கவே கூடாதா சார்?"

"கேக்காம இருந்தா யாரும் விலக வேண்டியிருக்காதில்ல" என்றார். "ரைட்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெண்களை வரச்சொன்னார். தீர்ப்பை மாற்றும்போதும் மூன்றாவது ஆள் வேண்டும் என்று என்னையும் உட்கார வைத்தார். அவரே காபி போட்டார். தான் தப்பாகச் சொல்லிவிட்டதாகவும், அம்மா விஷயத்தில் அவர்கள்மேல் எதுவும் இல்லை என்றும் சொன்னார். அந்தக் காக்கைக் கதையையும் ஏதோ தொட்டுச் சொன்னார். அவர்கள் அழுத அழுகையில் அது அவர்கள் காதில் ஏறியிருக்காது. எனக்கும் கண் கலங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பம்மலுக்கு வந்து தன்னோடு இருக்கும்படி பெரியவள் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்ததை, அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்திலேயே அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நடுக்குவாத நோய். மாதம் ஆக ஆக அடி வைப்பது சின்னதாகி, கடைசியில் தரையைத் தேய்த்துக்கொண்டு நடந்தார். படியில் நான் கை கொடுத்தால் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே ஷேர் ஆட்டோவில் போவார். பெண்கள் வரலாம், உட்காரலாம், பேசலாம். துடைப்பத்தைக் கையில் எடுத்தால் வாங்கி வைத்துவிடுவார். சின்னவள் கேரியரில் கொண்டுவருகிற சாப்பாட்டை, நன்றாக இருக்கிறது என்று ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆள் வைக்கலாம் என்றார்கள். அதுவும் ஒரு மனுஷன் முதுகுதானே என்றாராம். மாற்றுச் சாவி ஒன்று கேட்கச் சொல்லிச் சின்னவள் என்னைத் தூது அனுப்பினாள்.

"வேணாம்மா" என்றார். "சாவி கையில இருந்தா அவங்க தூங்க மாட்டாங்க."

அவர் குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது.

நான் அதைச் சொன்னபோது சின்னவள் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அழுதாள். "எங்களை வெளிய போகச் சொன்னப்பகூட இவ்வளவு கஷ்டமா இல்லக்கா. அது கோவம். கோவம்னா என்னைக்காவது தீரும்னு இருந்தோம். இப்ப அன்பா இருக்காரு. இதை நாங்க என்ன பண்றது?"

வாத்துகளைப் பற்றி அவரிடம் மறுபடி பேசிப் பார்த்தேன். ஒருவேளை அவை விரும்பித்தான் சுமந்தனவோ என்னவோ என்றேன். முடிந்துபோன விசாரணையை மறுபடி திறக்கிற வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலை, அப்பா போனை எடுக்கவில்லை என்று சின்னவள் எனக்குப் போன் செய்தாள். மேலே போய்த் தட்டினேன். உள்ளே போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பக்கத்துத் தெருத் தச்சரை அழைத்து வந்தோம். அவர் கதவை அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ள தாப்பா போட்டுகீதும்மா, ஒடச்சாதான்" என்றார். அதற்குள் பெண்கள் இருவரும் வந்துவிட்டிருந்தார்கள்.

கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே தரையில் கிடந்தார். உடம்பு சில்லென்றிருந்தது. முதல்நாள் சாயங்காலம் விழுந்திருக்க வேண்டும், உயிர் போகச் சில மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர். போன் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. யாரையும் அழைக்காதது கை எட்டாமல் இல்லை. ஏனென்றால், கட்டில் கம்பியில் தொங்கிய துண்டை இழுத்து, மடித்து, தலைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மடித்த துண்டைப் பெரியவள் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வீட்டைக் காலி செய்ய வந்த அன்று, அவர்கள் என்னை மேலே கூப்பிட்டார்கள். அதே சாப்பாட்டு மேஜை. அப்பா அன்றைக்கு ஏதோ காக்கா, வாத்து என்று சொன்னாரே, அது என்ன கதை என்று கேட்டாள் சின்னவள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர்களுக்குத் தெரியத்தான் வேண்டும். ஆரம்பத்திலிருந்து, நான் படித்தபடியே, எதையும் மழுப்பாமல் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகளையும் சொன்னேன்.

பெரியவள் இடுப்பு பெல்ட்டின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டாள். கீழே தெருவில் தண்ணீர் லாரி பின்னால் வருகிற சத்தம் கேட்டது.

"அப்புறம் அந்த ரெண்டு வாத்தும் கரை சேர்ந்துச்சாக்கா?" என்றாள் சின்னவள்.

அத்தனை வாரம் குடைந்து குடைந்து கேட்டவர், இதை மட்டும் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

"கதையில அது வரலம்மா" என்றேன்.

பெரியவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு, பாத்திரங்களைக் கட்டுவதற்காகச் சமையலறைப் பக்கம் போனாள்.

"சேர்ந்திருந்தா மட்டும் என்னடி" என்றாள்.